அவங்க

மிருகத்தை வரையச் சொன்னால் நாங்கள் எல்லோரும் மிருகத்திலிருந்துதான் ஆரம்பிப்போம். அவர் அப்படிச் செய்யமாட்டார். திரையின் நடுவில் பெரிதாக ஓர் இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, நாலு ஓரத்திலும் மற்றதையெல்லாம் வரைந்துகொண்டிருப்பார். புதருக்குள் பதுங்கும் முயல், கிளை மாறும் குரங்கு, குடித்த தண்ணீரைப் பாதியில் விட்டுவிட்டு நிமிர்ந்த மான். மூன்று நாள் இப்படியே போகும். பின்னால் போய் நின்று, ஹீரோ எப்பம்மா வருவாரு என்று கேட்பேன். இதுங்கல்லாம் ஒதுங்கி முடிக்கட்டும் சார், அது தானா வரும் என்பார். சொன்னபடியே கடைசி நாள் காலையில் அந்த இடத்தில் ஒரு சிறுத்தையோ டிராகனோ வந்து நிற்கும். அதைப் பார்த்தால் நிஜமாகவே பயமாக இருக்கும். எங்கள் டிராகன்களைப் பார்த்தால் திருவிழாப் பொம்மைக் கடை ஞாபகம் வரும்.

தஞ்சாவூரில் ஓர் உரக்கடையின் மாடியில், வெளிநாட்டு வீடியோ கேம்களுக்கு மிருகங்களும் பூதங்களும் வரைந்து கொடுக்கும் கம்பெனி நடந்தது என்றால் என் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் நம்புவதில்லை. ஒன்பது பேர் வேலை பார்த்தோம். முதலாளி சென்னையில் இருந்தார். நான் டீம் லீடர். எனக்குச் சுமாராக வரையத் தெரியும், நன்றாகப் பேசத் தெரியும். அதனால் லீடர் ஆனேன். அவருக்கு வரைய மட்டும்தான் தெரியும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது அவர், இவர் என்று எழுதுகிறேன். வேலை பார்த்த அந்த நாலு வருடமும் வாம்மா, போம்மா, என்னம்மா இது என்றுதான் கூப்பிட்டேன். அவருடைய பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. பெயர் விஷயத்தில் அவருக்கு நான் செய்ததைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். செய்தவன் மறுபடியும் அந்தப் பெயரை எடுத்துக் கையாள வேண்டாம்.

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவருக்கு. அப்பா நெடுநாள் ஊரார் வயலில் கூலி வேலை செய்து, பிறகு மூன்று மா நிலத்தை, ஓர் ஏக்கர்தான், குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்தவர். மகளைக் கும்பகோணத்தில் ஓவியம் படிக்க வைத்திருந்தார். ஆளைப் பார்த்தால் சாது என்று தோன்றும். சாதுவெல்லாம் கிடையாது. அடுத்தவர் டப்பாவிலிருந்து கேட்காமலே ஊறுகாயை எடுத்துக்கொள்வார். முதலாளி இங்கிலீஷ் பேசும் தினுசை அப்படியே பேசிக் காட்டுவார். அவர் சிரித்தால் கீழே உரக்கடைக்காரர் தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

நடக்கும்போது மட்டும் ஆள் மாறிவிடுவார். எங்கள் அலுவலகத்து நடைபாதையில் இரண்டு பேர் தாராளமாகப் போகலாம். எதிரில் யார் வந்தாலும் அவர் சுவரோடு திரும்பி, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பார். பெருக்க வரும் அம்மாவுக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். வண்ணம் பூசும் வேலை பார்த்த ரஃபீக், கூத்தாநல்லூர்க்காரர், வாய் சும்மா இருக்காது. தங்கச்சி, நீ ஒதுங்கி ஒதுங்கி ஒருநாள் சுவத்துக்குள்ளயே போயிடப் போற என்பார். அவரும் சேர்ந்து சிரிப்பார். மறுநாளும் ஒதுங்குவார்.

தான் ஒதுங்குவதைப் போலவே மற்றவர்கள் ஒதுங்குவதையும் பார்த்துக்கொண்டிருப்பார். பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ குடிக்கப் போனால், பஸ் உள்ளே திரும்பும்போது நாங்கள் பஸ்ஸைப் பார்ப்போம், அவர் கூட்டத்தைப் பார்ப்பார். போலீஸ் ஜீப் வந்தால் ஜீப்பைப் பார்க்கமாட்டார், பூக்காரம்மா கூடையை எந்தப் பக்கம் இழுக்கிறார் என்று பார்ப்பார். ஒருநாள் டீக்கடையில் வைத்து எனக்கு அதைப் பாடமாகவே நடத்தினார்.

"ஹார்ன் அடிச்ச பிறகு ஒதுங்கறவங்க ஒரு ரகம் சார். அடிக்கிறதுக்கு முன்னாடியே ஒதுங்கறவங்க ஒரு ரகம். ரெண்டாவது ரகத்தப் பாத்தாதான் வண்டி எவ்ளோ பெருசுன்னு தெரியும்."

இதை எங்கே பிடித்தாய் என்று கேட்டேன். வரப்பில் என்றார். வரப்பு ஓர் ஆள் அகலம்தான். எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் வயலுக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும். யார் சேற்றில் இறங்குகிறார்கள், யார் மேலேயே போகிறார்கள் என்று ஒரு காலைப்பொழுது பார்த்தால் போதும், அந்த ஊரைப் பற்றி வேறு யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை என்றார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. திருப்பனந்தாளுக்குத் தெற்கே எங்கள் ஊர். எங்களுக்கு ஆறு வேலி நிலம், நாற்பது ஏக்கர். நடை பழகிய நாளிலிருந்து அந்த வரப்புகளில் நடக்கிறேன், ஒருநாள்கூட என் காலில் சேறு பட்டதில்லை. அதைப் பெருமையாகவே சொன்னேன். எங்க ஊர்ல வரப்பெல்லாம் நல்லா அகலமா வெட்டியிருப்பாங்கம்மா என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்படித்தான் சார் இருக்கும் என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். ரஃபீக்குக்குத் திடீரென்று புரையேறியது. எனக்கு அது ஏன் என்று விளங்கவில்லை.

அந்த வருடம்தான் அந்தப் பெரிய வேலை வந்தது. ஐரோப்பாவில் ஒரு கம்பெனி புது கேம் ஒன்றுக்கு முழுதாக ஓர் உலகத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு காடு. வருடத்தில் பாதி நாள் தண்ணீர் நிற்கும், மரங்களெல்லாம் சேற்றில் நிற்கும், நூற்றுக்கணக்கான சின்னப் பிராணிகள் அங்கே வாழும். அந்தக் காட்டின் உச்சியில் ஒரு மிருகம் வேண்டும். அது எல்லாவற்றையும் தின்னும், அதை எதுவும் தின்னாது. அதற்கு ஒரு மந்திர சக்தியும் இருக்க வேண்டும். இதுவரை யாரும் யோசிக்காத சக்தியாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

அதோடு இன்னொன்றும் எழுதியிருந்தார்கள். கேம் வெளிவரும்போது படங்களையெல்லாம் சேர்த்து ஒரு புத்தகம் போடுவார்களாம். ஒவ்வொரு மிருகத்தின் படத்துக்கும் கீழே அதை உருவாக்கியவர் பெயர் அச்சாகும் என்றார்கள். அதுவரை எங்கள் மாடியிலிருந்து போன எந்தப் படத்திலும் எவர் பெயரும் வந்ததில்லை. சேதி கேட்ட அன்று மற்றவர்கள் ஸ்வீட் வாங்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் நேராக என் மேஜைக்கு வந்தார். பெங்களூரில் ஒரு பெரிய ஸ்டுடியோவுக்கு விண்ணப்பித்திருக்கிறாராம். வேலை பிடித்திருக்கிறது, ஆனால் உங்கள் பெயரோடு வெளியான ஒன்றையாவது காட்டுங்கள், எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"இத நான் வரைஞ்சா என் பேரு வருமா சார்?"

வரும்மா, நான் பாத்துக்கறேன் என்றேன். எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வார்த்தை அது. யார் வந்து என்ன கேட்டாலும் இதைத்தான் சொல்வோம். அவர் அதை நம்பிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

சக்தியில்தான் எல்லோரும் மாட்டிக்கொண்டோம். நான் ஆறு கொம்புப் புலி ஒன்றைப் போட்டு, மூச்சில் நெருப்பு வைத்தேன். பார்க்க நன்றாக இருக்கிறது, இதை ஏற்கெனவே பார்த்திருக்கிறோம் என்று மிக மரியாதையாகப் பதில் வந்தது. ரஃபீக் கண்ணால் மயக்கும் பாம்பு என்றார். அதுவும் போயிற்று. அவர் மட்டும் எதையும் அனுப்பவில்லை. நடுவில் இடத்தை விட்டுவிட்டு ஓரங்களில் தவளைகளையும் நீர்நாய்களையும் பேர் தெரியாத பிராணிகளையும் வரைந்துகொண்டிருந்தார். எங்கே ஒதுங்குவது என்று தெரியாமல் அவை முழித்துக்கொண்டு நின்றன.

ஆவணியில் என் மகளுக்குக் காது குத்தினோம். அலுவலகத்தையே வேன் வைத்து ஊருக்கு அழைத்துப் போனேன். சாப்பாடு முடிந்ததும் வயலைப் பார்க்கலாம் என்று எல்லோரும் கிளம்பினோம். அப்பாவும் வந்தார். அவருக்கு அப்போது எண்பது நெருங்கியிருந்தது. வெள்ளை வேட்டி, கைத்தடி. என் அப்பா யாரையும் அடித்ததில்லை, அதட்டியதுகூட இல்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். அது பொய்யும் இல்லை.

நாங்கள் வரிசையாக வரப்பில் போனோம். அப்பா முன்னால் போனார். எதிரே நாற்றுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நாலு பெண்களும், மண்வெட்டியோடு ஒரு பெரியவரும் வந்தார்கள். அப்பா லேசாகச் செருமினார். அவர்கள் ஐந்து பேரும் வயலுக்குள் இறங்கினார்கள். தலைச்சுமையோடு இருந்த பெண்களுக்கு முழங்கால் வரை சேறு ஏறியது. அப்பா நின்று, சாப்பிட்டியா, பேரன் காலேஜுக்குப் போறானா என்று அந்தப் பெரியவரை அக்கறையாக விசாரித்தார். அவரும் சேற்றில் நின்றபடி சந்தோஷமாகப் பதில் சொன்னார். நாங்கள் கடந்து போனோம். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது எங்கள் வரிசையில் ஓர் ஆள் குறைந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் அந்தப் பெண்களுக்குப் பக்கத்தில் சேற்றில் நின்றுகொண்டிருந்தார். கண் என் அப்பாவின் காலிலேயே இருந்தது.

பிறகு வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தவரிடம், எதுக்கும்மா இறங்கின என்று கேட்டேன். மேல இருந்தா தெரியல சார் என்றார். அவ்வளவுதான் சொன்னார். பட்டணத்து வேலைக்கு வந்த பெண்ணுக்கு வயலைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது என்று என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் அந்த இடம் நிரம்பியிருந்தது. நான் டீ டம்ளரோடு அவர் பின்னால் போய் நின்றவன் டீயை மறந்துவிட்டேன்.

மாட்டுவண்டி அளவுக்குப் பெரிய மிருகம். கிழட்டு மிருகம். கழுத்துத் தோல் மடிந்து தொங்கியது. பல் பாதிக்கு மேல் இல்லை. நகம் தெரியவில்லை. கண்ணில் கோபம் துளியும் இல்லை, பார்த்தால் பிரியம் வரும் கண். காடு முழுக்கச் சேறு. அந்தச் சேற்றில் தவளையும் நீர்நாயும் மானும் குட்டிக் குரங்குகளும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக் குப்புறப் படுத்திருந்தன. அவற்றின் முதுகுகள் சேர்ந்து நீளமாக ஒரு பாதையாகியிருந்தன. அதன்மேல் மிருகம் நடந்து வந்துகொண்டிருந்தது. ஒரு மான்குட்டியின் அருகே நின்று, குனிந்து, ரொம்ப அன்பாக அதைப் பார்த்தது. மான்குட்டி கண்ணை மூடிக்கொண்டிருந்தது. படத்தில் எங்கும் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது.

இதுக்குச் சக்தி என்னம்மா என்று கேட்டேன்.

"சக்தி அவங்ககிட்ட இருக்க வேணாம் சார். மத்ததுங்ககிட்ட இருந்தாப் போதும்."

அவங்க என்றுதான் சொன்னார். மற்றப் பிராணிகளெல்லாம் அது, இது. முன்னால் வரைந்த டிராகன்கள்கூட அதுதான். இந்த ஒன்றை மட்டும் அவங்க வர்றாங்க, அவங்க நிக்கிறாங்க என்றே பேசினார். அலுவலகமே கிண்டல் செய்தது. அவங்க லஞ்ச் முடிச்சிட்டாங்களா தங்கச்சி என்று ரஃபீக் கேட்பார். அவர் சிரிக்காமல், அவங்க சாப்பிட்டுதாண்ணே இருப்பாங்க, அவங்களுக்குப் பசிச்சு நான் பாத்ததில்ல என்பார். கேமுக்கு ஒலி சேர்ப்பவர் இது எப்படி உறுமும் என்று கேட்டு எழுதியபோது, உறுமாது, லேசாச் செருமுவாங்க என்று எழுதச் சொன்னார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கோப்புக்கும் ‘அவங்க’ என்றே பெயர் வைத்திருந்தார். மாற்றாமல் அப்படியே அனுப்பிவிட்டோம். மிருகத்தின் பெயரே அதுதான் என்று வெள்ளைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ‘அவங்கா’ என்று நீட்டி, என்ன அற்புதமான பெயர் என்று பதில் போட்டார்கள். இன்றைக்கு உலகத்தில் எந்தெந்த ஊரிலோ பிள்ளைகள் அவங்கா வருகிறது ஓடு என்று கத்துகிறார்களாம்.

ஒரே ஒரு திருத்தம் கேட்டார்கள். காடு முழுக்கச் சேறாக இருக்கும்போது மிருகத்தின் கால் மட்டும் கழுவிவிட்டது போல இருக்கிறதே, கொஞ்சம் சேறு பூசுங்கள் என்றார்கள். நியாயமாகப் பட்டது. பூசிடும்மா என்றேன். நான் சொல்லி அவர் முடியாது என்றது அந்த ஒரு முறைதான். சேறு வராது சார், அவங்க வர்றதுக்குள்ள எல்லாம் படுத்துடும் என்றார். வாடிக்கையாளரிடம் அதை என் பேச்சுத் திறமையால் எடுத்துச் சொன்னேன். அவர்கள் வியந்து போனார்கள். இந்த யோசனை உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று வீடியோ காலில் கேட்டார்கள். அவர் என் பக்கத்தில்தான் இருந்தார், கேமராவுக்கு வெளியே, சுவரோரமாக. பெயரின் அர்த்தத்தைச் சொன்னேன், எங்கள் மொழியில் மரியாதைச் சொல் என்றேன், எங்கள் பக்கத்து வாழ்க்கையிலிருந்து வந்தது என்றேன். யாரிடமிருந்து வந்தது என்று சொல்லவில்லை. கால் முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். பேரு அனுப்பிடுவீங்கள்ல சார்?

அனுப்பத்தான் இருந்தேன். இதை யாரும் நம்ப வேண்டியதில்லை, ஆனால் அந்தச் சனிக்கிழமை வரை எனக்கு வேறு எண்ணம் கிடையாது. பெயர்ப் பட்டியலைத் திங்கட்கிழமைக்குள் கேட்டிருந்தார்கள். மடிக்கணினியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். சனிக்கிழமை மத்தியானம் அப்பா கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். நம் ஆபீசில் செய்தது என்று பெருமையாகப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பயந்த மாதிரி தெரியவில்லை. முகம் மலர்ந்தது.

"நல்லா இருக்குப்பா. கால்ல ஒரு பொட்டு சேறு இல்ல பாத்தியா" என்றார்.

பிறகு, பாவம் வயசாயிடுச்சு போலயே, இதுக்கு யாராச்சும் கொண்டாந்து குடுப்பாங்களா என்று கேட்டார். தானா வரும்ப்பா என்றேன். அதான பாத்தேன் என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டுக் கணினியைத் திருப்பிக் கொடுத்தார். காலை நீட்டிக்கொண்டார். எண்பது வருடம் வயல்காட்டில் நடந்த கால். ஒரு வெடிப்பு இல்லை, ஒரு கறை இல்லை. அதைப் பார்த்தேன். என் காலையும் பார்த்தேன்.

எனக்கு வந்தது வெட்கம் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. வந்தது கோபம். எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, எங்கள் வரப்பில் நின்றுகொண்டு, எங்கள் அப்பாவையே வரைந்திருக்கிறாள் என்று உடம்பெல்லாம் எரிந்தது. அவர் சாப்பிட்டது ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் நான் கூப்பிட்டு. அந்தக் கணக்கெல்லாம் அப்போது தோன்றவில்லை. பட்டியலைத் திறந்தேன். மிருகத்துக்கு நேரே இருந்த கட்டத்தில் என் பெயரை அடித்தேன். அனுப்பினேன். அப்பா குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

புத்தகம் வந்த அன்று எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். அந்தப் பக்கம் வந்ததும் அவர் படத்தைப் பார்க்கவில்லை, நேராகக் கீழே பார்த்தார். மறுபடியும் ஒருமுறை படித்தார். கம்பெனி ரூலும்மா, லீடர் பேருதான் போடணுமாம், அடுத்ததுல பாத்துக்கலாம் என்றேன். அப்படி ஒரு ரூல் இல்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ரஃபீக் வெளியே போய்விட்டார். அவர் புத்தகத்தை மூடி, சரி சார் என்றார். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகும் ஒரு வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பெங்களூர் ஸ்டுடியோவிலிருந்து எனக்கு போன் வந்தது. பேசியவர் திருச்சிக்காரர், தமிழிலேயே பேசினார். அந்த மிருகத்தைத் தான் செய்ததாக உங்களிடம் வேலை பார்க்கும் பெண் சொல்கிறார், புத்தகத்தில் உங்கள் பெயர் இருக்கிறது, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எடுத்துக்கொள்வோம் என்றார். அவர் செய்ததுதான் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் லேசாகச் செருமிக்கொண்டேன்.

"ஆமாங்க, எங்ககிட்டதான் இருக்காங்க. ரொம்ப நல்ல பொண்ணுங்க. அந்தப் படத்துல அவங்களும் ஹெல்ப் பண்ணினாங்க."

ஒரு குறை சொல்லவில்லை, குரலை உயர்த்தவில்லை. அவரைப் பற்றி அவங்க என்று நான் சொன்னது அந்த ஒருநாள்தான். புரியுது சார், நன்றி என்று அந்தப் பக்கம் வைத்துவிட்டார். அடுத்தவர் வேலையைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்பவர் என்ற பெயர் அவருக்கு அங்கே விழுந்தது. அந்த ஊரில் ஸ்டுடியோக்காரர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். அந்த மாதக் கடைசியில் அவர் வேலையை விட்டார். காரணம் எழுதும் இடத்தில் சொந்தக் காரணம் என்று எழுதியிருந்தார்.

பிறகு அப்பா போய்ச் சேர்ந்தார். இப்போது வயலுக்கு நான்தான் போகிறேன். எதிரில் வருகிறவர்கள் எனக்காக இறங்குகிறார்கள். முந்திக்கொண்டு நாம் இறங்கிவிடலாம் என்று பலநாள் முயன்றிருக்கிறேன். தூரத்தில் என்னைப் பார்த்ததுமே அவர்கள் இறங்கிவிடுகிறார்கள்.

அந்தக் கேம் நன்றாக ஓடி, புத்தகத்தை மறுபடி அச்சடிக்கப் போவதாக எழுதினார்கள். நான் உண்மையை எழுதினேன். முழு உண்மையையும் இல்லை. பெயர் தவறுதலாக விடுபட்டது என்று எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டுத் தந்தால் மாற்றுகிறோம் என்று ஒரு படிவம் அனுப்பினார்கள். ரஃபீக்கிடம் கேட்டேன். புத்தகம் வந்த நாளிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசாத மனிதர், இடத்தை மட்டும் சொன்னார். திருத்துறைப்பூண்டியில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் வேலை பார்க்கிறாராம். படிவத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கடையில் அவர் முன்னால் இருந்த திரையில் யாருக்கோ கண்ணீர் அஞ்சலி பேனர் தயாராகிக்கொண்டிருந்தது. வாங்க சார் என்று எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பெருத்திருந்தார். அப்பா எப்படி இருக்காங்க என்று விசாரித்தார். சொன்னேன். அவருடைய அப்பாவும் போன வருடம் காலமாகிவிட்டதாகச் சொன்னார். படிவத்தை எடுத்து நீட்டினேன். நான் செய்தது தப்பு, இதில் ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள், இனி உங்கள் பெயர்தான் வரும் என்றேன். நீங்கள் என்று கூப்பிட்டதை அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை. அவருடைய பெயர் இனிஷியலோடு முழுதாக அடித்திருந்தது. அந்த வரியில் விரலை வைத்து நிதானமாகப் படித்தார். என் மனம் கொஞ்சம் இளைப்பாறியது. மன்னித்துவிடுவார் என்று நினைத்தேன்.

எங்க வரும் சார் இந்தப் பேரு என்று கேட்டார். படத்துக்குக் கீழே என்றேன்.

படிவத்தை நாலாக மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"என் பேருக்கு முன்னாடி எங்கப்பா எழுத்து நிக்குது சார். செத்த பிறகும் அவர அவங்களுக்குக் கீழ கொண்டுபோய் நிறுத்த வேணாம்."

பேனருக்கு ஆள் வந்துவிட்டார்கள். இறந்தவர் படம் இன்னும் பெரிதாக வேண்டும் என்றார்கள். அவர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எழுந்து நின்றேன், அவர் திரும்பவில்லை. கடை வாசலில் எதிரே வந்த யாரோ எனக்கு வழி விட்டு ஒதுங்கினார்கள். நான் வெளியே வந்தேன்.